தம்பூரா நின்ற பிறகு

நான் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். திருமழிசையில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை செய்வது என் வேலை. கூடை கூடையாக நல்ல மூடிகள் வரும். அவற்றுக்குள் சரியில்லாத ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தியைக் கம்பெனி வாசலிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வா என்று என் மனைவி சொல்வாள். கழற்றி மாட்டி வைக்க அது என்ன சட்டையா?

வேலைக்கு வெளியே எனக்கு இருக்கிற ஒரே பைத்தியம் கச்சேரிகளை ஒலிப்பதிவு செய்வது. பெரிய சபாக்களில் அல்ல, அங்கே என்னை யார் உள்ளே விடுவார்கள். ஆவடி, அம்பத்தூர், திருநின்றவூர் பக்கத்துக் கோயில் மண்டபங்களிலும் கல்யாணங்களிலும் குடியிருப்போர் சங்க விழாக்களிலும் நடக்கிற கச்சேரிகள். கையடக்கமான ஒரு ரெக்கார்டர், இரண்டு மைக், ஒரு பை நிறைய வயர். மேடையில் வைத்திருக்கும் மைக்குகளின் ஒலி எல்லாம் மிக்ஸர் என்கிற ஒலிக்கலவைப் பெட்டிக்குப் போய், அங்கிருந்து ஒரு வயர் வழியாக என் ரெக்கார்டருக்கு வரும். என்னுடைய இரண்டு மைக்கும் கூடத்தில் கேட்கிற ஒலியைத் தனியாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்து இரண்டையும் கலந்து கொடுப்பேன். கூலி ஒரு தொன்னை சுண்டலும் ஒரு பொன்னாடையும். பொன்னாடைகள் எங்கள் வீட்டில் இஸ்திரி போடும் மேசைக்கு விரிப்பாகப் பயன்படுகின்றன.

பதிவு நடக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு உட்கார, போனோடு இலவசமாக வந்த வெள்ளை இயர்போன் ஒன்று வைத்திருந்தேன். சத்தம் வருகிறதா, வருகிறது. அது போதும் என்றிருந்தேன். அக்கா மட்டும் அந்தத் தொலைபேசி அழைப்பைச் செய்யாமல் இருந்திருந்தால் இன்றைக்கும் அதைத்தான் மாட்டிக்கொண்டிருப்பேன்.

அக்கா அம்பத்தூரில் இருக்கிறாள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து பாடிக்கொண்டிருக்கிறாள். பத்திரிகையில் பெயர் வருகிற பாடகி இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் நவராத்திரி என்றால் முதலில் அவளுக்குத்தான் போன் வரும். போன வருடம் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்து, தைராய்டு சுரப்பியில் பாதியை எடுத்துவிட்டார்கள். குரல் திரும்பிவிடும், ஆனால் பழைய உயரம் கிடைக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சில மாதங்கள் அவள் வாயைத் திறந்தால் குரலை விடக் காற்றுதான் அதிகம் வந்தது. விடாமல் சாதகம் செய்தாள். ஆறு கட்டையில் பாடிக்கொண்டிருந்தவள் கடைசியில் ஐந்து கட்டைக்கு வந்து நின்றாள். கட்டை என்பது பாடுகிறவர் காலூன்றி நிற்கிற தரை. அது இறங்கினால் பாட்டு முழுவதும் அதோடு சேர்ந்து இறங்கும்.

"மாடி வீட்ட வித்துட்டு கீழ் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குடா. மூட்டு வலிக்கு நல்லதுதான்," என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, எலக்ட்ரானிக் தம்பூராப் பெட்டியின் குமிழை இறக்கித் திருகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

சிகிச்சைக்குப் பிறகு அவளுடைய முதல் கச்சேரி ஆவடியில் ஒரு கோயில் மண்டபத்தில் நடந்தது. நான் தூண் ஓரமாக என் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து கட்டையில் அவள் குரலுக்கு ஒரு கனம் வந்திருந்தது. சுருதியோடு சேர்ந்து நின்றது. முடிந்ததும் ஜனங்கள் மேடைக்கே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ள வயரைச் சுருட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து பதிவைக் கலந்து அனுப்பினேன். அடுத்த நாள் போன் வந்தது.

"கேட்டேன்டா," என்றாள் அக்கா. குரலில் சந்தோஷம் இல்லை.

"எப்படி இருக்கு?"

"கீழ நிக்கிறேன். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும். தம்பூரா ஒரு இடத்துல இருக்கு, நான் அதுக்குக் கொஞ்சம் கீழ இருக்கேன்."

"இல்லவே இல்லக்கா. நான் முழுசா கேட்டுட்டுதான் அனுப்பினேன்."

"நீ அப்படித்தான் சொல்லுவ. உனக்கு என் மேல இருக்கிற பாசம் காத அடைச்சிடுச்சு. திருநின்றவூர் கச்சேரிய வேண்டாம்னு சொல்லிடப் போறேன். அதோட போதும். இத்தன வருஷம் பாடினதுக்குப் பேரக் கெடுத்துக்க வேண்டாம்."

திருநின்றவூர் கச்சேரி என்பது நான் குடியிருக்கிற குடியிருப்பின் நவராத்திரி விழா. சங்கத்தில் பேசி ஏற்பாடு செய்தவனே நான்தான். ஆனால் அது இல்லை என் கவலை. அக்கா ஒன்றை விட்டுவிட்டாள் என்றால் விட்டுவிட்டாள்தான். காபியை அப்படித்தான் விட்டாள், எங்கள் சித்தப்பாவோடு பேச்சையும் அப்படித்தான் விட்டாள். பாட்டை விட்டாள் என்றால் அதன் பிறகு அவளிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் ரயில் பிடித்து அம்பத்தூர் போனேன். டி.வி.க்குக் கீழே நீளமாக ஒரு ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள். அதில்தான் அவள் கேட்டிருந்தாள். நானும் கேட்டேன். அவள் சொன்னது சரி. குரல் கீழேதான் நின்றது. உடனே என் வெள்ளை இயர்போனை மாட்டி அதே இடத்தைக் கேட்டேன். குரல் சுருதியோடு நின்றது. அதை அவள் காதிலும் மாட்டினேன்.

"இதுல தம்பூராவே சரியா கேக்கலயேடா," என்று கழற்றிக் கையில் கொடுத்தாள். "தம்பூரா இல்லாத இடத்துல எல்லாரும் சுருதியோடதான் பாடுவாங்க."

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. ஒரே மூடியை இரண்டு கருவிகள் இரண்டு அளவாகக் காட்டினால் நாங்கள் மூடியைத் தூக்கிப் போடுவதில்லை. முதலில் கருவிகளைச் சோதிப்போம்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் சங்கத்துக்கு எதுவும் சொல்லாத," என்றேன்.

"ஞாயித்துக்கிழம என்ன ஆகும்?"

"தெரியாது. சொல்லாத, அவ்வளவுதான்."

"பிடிவாதம்," என்றாள். ஆனால் சரி என்று தலையாட்டினாள்.

என் பக்கத்து வீட்டில் கோயம்புத்தூர்க்காரத் தம்பி ஒருவர் இருக்கிறார். கம்ப்யூட்டர் வேலை. வயரில்லாத பெரிய ஹெட்போன் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் எப்போதும் நடப்பார். அவரிடம் அதைக் கேட்டேன்.

"தாராளமா கேட்டுப் பாருங்ணா. வெளிச் சத்தம் ஒண்ணுமே வராதுங்க," என்று கொடுத்தார்.

உண்மைதான். வீட்டுக்குப் பின்னால் ரயில் போனது எனக்குத் தெரியவே இல்லை. பதிவில் அக்கா அற்புதமாகப் பாடினாள். சிகிச்சையே நடக்காதது போல, கழுத்தில் கத்தியே படாதது போலப் பாடினாள். அதுதான் என்னை உறுத்தியது. அவள் குரலில் இப்போது ஒரு சின்னக் கரகரப்பு உண்டு. அதை இந்த ஹெட்போன் சர்க்கரையைத் தூவி மூடிவிட்டிருந்தது. தம்பூராவோ வெல்லப்பாகாகி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியாமல் ஓடியது. சுருதியை எதில் வைத்துப் பார்ப்பது? போதாக்குறைக்கு, மைக் முன்னால் கை தட்டிப் பார்த்தேன். கை சேர்ந்த பிறகு கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் காதுக்கு வந்தது. கச்சேரியில் இதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், மிருதங்கக்காரர் அடித்து முடித்த பிறகு அடி கேட்கும். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும்.

"பிடிக்கலீங்களா?" என்றார் தம்பி, நான் திருப்பிக் கொடுத்தபோது.

"பாட்டு கேக்க ரொம்ப நல்லா இருக்கு தம்பி. எனக்குப் பாட்டு கேக்க வேண்டாம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் மேல் தப்பில்லை.

அம்பத்தூரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். அங்கே இருந்தவையெல்லாம் பக்கவாட்டில் நீலமும் சிவப்புமாக விளக்கெரிகிற ஹெட்போன்கள். காதில் மாட்டுகிற சாமானுக்கு விளக்கு எதற்கு, மாட்டிக்கொண்டவனுக்கு அது தெரியப்போகிறதா என்று விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். அந்தப் பெண் வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் பூந்தமல்லியில் இறங்கினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடை வைத்திருக்கிறார். ஆம்ப்ளிஃபயர், மைக், வயர் எல்லாம் விற்பார். கல்யாணத்துக்கு மைக்செட் வாடகைக்கும் விடுவார். அவரிடம் வயர் வாங்கியிருக்கிறேனே தவிர அதிகப் பழக்கமில்லை.

"இன்னா சார் வோணும்?"

"கச்சேரி ரெக்கார்டிங் பண்ணும்போது காதுல மாட்டிக்கணும் பாய்."

பெரிய ஹெட்போன் ஒன்றை எடுத்து என் தலையில் அவரே மாட்டிவிட்டு, தன் போனில் ஒரு குத்துப் பாட்டைப் போட்டார். கடைக்காரர்கள் எல்லோரும் காட்டுவதற்கென்று ஒரு பாட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டில் எந்த ஓட்டை ஹெட்போனும் ராஜாவாகத் தெரியும்.

"எப்டி கீது? நெஞ்சுல வந்து இடிக்குதா?"

"இடிக்குது. எனக்கு இடிக்க வேண்டாம். நான் கொண்டாந்தத போட்டுக் கேக்கணும்."

பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்தேன். அவர் எடுத்துக் கொடுத்த ஒவ்வொன்றிலும் அக்காவின் அதே பாட்டை, அதே இடத்திலிருந்து கேட்டேன். இல்லை என்று தலையாட்டித் திருப்பிக் கொடுத்தேன். கண்ணாடி மேசை மேல் பெட்டிகள் சேர்ந்துகொண்டே போயின.

"இன்னா சார் நீ, எல்லாம் பாட்டு ஷோக்கா கேக்கணும்னு வர்றாங்கோ. நீ குத்தம் கண்டுபுடிக்க வந்துகீற மாதிரி கீதே?"

"அதுக்குத்தான் வந்திருக்கேன்."

பாய் மேல் தட்டிலிருந்து தூசி படிந்த ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் துடைத்தார். "இத்த மேடையில பாடறவங்க மாட்றது. வயர காது மேல சுத்தி உடணும். வாங்கினு போனவன்லாம் பாட்டு சப்புனு கீதுன்னு திருப்பிக் கொண்டாந்துட்டான். இன்னா பண்றது, பாட்டு எப்டி கீதோ அப்டியே காட்டுது."

மாட்டினேன். என் வெள்ளை இயர்போனை விட மோசமாக இருந்தது. "இதுவா?" என்றேன்.

"சார், அது இன்னா கம்மலா, தொங்க உடறதுக்கு? உள்ள அமுக்கு."

அமுக்கினேன். வலது காதில் போய் உட்கார்ந்தது, இடது காதில் நழுவியது. பெட்டியில் சின்னதும் பெரியதுமாக ரப்பர் முனைகள் இருந்தன. இடதுக்கு மட்டும் பெரியதை மாற்றிக் கொடுத்தார். இத்தனை வயதுக்குப் பிறகுதான் என் இரண்டு காதும் ஒரே அளவில்லை என்று எனக்குத் தெரிந்தது. இரண்டும் சரியாகப் பொருந்தியவுடன் பூந்தமல்லி பஸ் நிலையம் ஹாரனோடும் கண்டக்டரோடும் காணாமல் போனது. பதிவின் அடியிலிருந்து தம்பூரா எழுந்து வந்தது. ஒவ்வொரு இழையும் தனியாகக் கேட்டது. பிறகு அக்கா பாட ஆரம்பித்தாள்.

கீழே நின்றாள்.

இதில் சர்க்கரை இல்லை, இடியும் இல்லை, மறைப்பு எதுவும் இல்லை. அவள் கீழேதான் நின்றாள். அப்படியென்றால் டி.வி. ஸ்பீக்கர் சொன்னதுதான் சரி, அக்கா சொன்னதுதான் சரி. கடை நடுவில் எனக்கு அழுகை வந்தது. அப்போதும் கழற்றவில்லை. வாங்குகிற சாமானை முழுக்கச் சோதிக்காமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. ஓட்டி, கடைசிப் பகுதிக்குப் போனேன்.

மங்களம் முடிந்தது. கைதட்டல் கேட்டது. அக்கா தம்பூராப் பெட்டியின் குமிழைத் திருகி நிறுத்துகிற 'டக்' என்ற சத்தமும் கேட்டது. அந்த இடத்தில்தான் நான் எப்போதும் பதிவை வெட்டிவிடுவேன். அதற்கு மேல் நாற்காலி இழுப்பதும் செருப்பு தேடுவதும்தான் இருக்கும், யாருக்கு வேண்டும். ரெக்கார்டரில் இருந்தது வெட்டாத பதிவு. அது ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் இழுபட்டன. மிருதங்கக்காரர் யாரிடமோ தண்ணீர் கேட்டார்.

தம்பூரா இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தது.

நிறுத்திய தம்பூரா எப்படி ஒலிக்கும்? திரும்பப் போட்டேன். டக். நாற்காலிகள். அதன் அடியில், விடாமல், தம்பூரா போலவே ஒன்று. மறுபடியும் மறுபடியும் போட்டேன்.

"இன்னா சார், பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார் பாய்.

ஒரு பக்கத்தைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "கரன்ட் இரைச்சல் சார். மிக்ஸர்லேர்ந்து வர்ற வயர்ல ஏறிகினு கீது. நாங்க டெய்லி கேக்கறதுதானே," என்றார்.

"இதுக்கு ஒரு சுருதி இருக்கு பாய்."

"இன்னாது, கரன்ட்டுக்கா?"

"கரன்ட்டுக்குத்தான்."

மின்சாரத்தின் இரைச்சல் எந்த வீட்டிலும், எந்த மண்டபத்திலும் ஒரே சுருதியில்தான் இருக்கும். அது ஐந்து கட்டைக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. ஐந்தரையைத் தொடாது. அக்கா ஆறு கட்டையில் பாடிய காலத்தில் அந்த இரைச்சல் வந்திருந்தால் அந்நிய ஆளாகத் தனியே தெரிந்திருக்கும். ஐந்து கட்டையில் அது தம்பூராவின் தோளில் கை போட்டுக்கொண்டு சொந்தக்காரன் போல உட்கார்ந்துவிட்டது. கேட்கிற காது அதையும் சேர்த்துச் சுருதி என்று எடுத்துக்கொண்டது. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தம்பூராவோடு சரியாக நின்ற குரல் கீழே நிற்பதாகத்தான் படும். டி.வி. ஸ்பீக்கர் அந்த இரைச்சலை ஊதிப் பெரிதாக்கியது. என் வெள்ளை இயர்போன் அதைத் தம்பூராவோடு சேர்த்து விழுங்கிவிட்டது. டாக்டர்கள் அவளைக் காப்பாற்றி இறக்கிவிட்ட இடம் இரைச்சலுக்கு அடுத்த வீடாகப் போய்விட்டது, அவ்வளவுதான் நடந்தது.

அந்த இயர்போனை வாங்கினேன். விலையைச் சொல்லப் போவதில்லை. என் மனைவி இதைப் படிக்கக்கூடும்.

வீட்டில் வந்து உட்கார்ந்து, கூடத்தில் வைத்த என் மைக்குகளின் பதிவை மட்டும் தனியாகக் கேட்டேன். அதற்கும் மிக்ஸர் வயருக்கும் சம்பந்தமில்லை என்பதால் இரைச்சல் இல்லை. மின்விசிறி சுற்றியது, யாரோ இருமினார்கள், ஒரு குழந்தை பிஸ்கட் கேட்டு அழுதது. அவற்றுக்கு நடுவில் அக்கா சுருதியோடு நின்று பாடினாள். நான் சட்டையைக் கழற்றாமல், சாப்பிடாமல் கேட்டேன். மனைவி தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

கல்யாணி ராகத்தில் அவள் பாடிய பெரிய பாட்டில் ஓர் இடம் வந்தது. குரல் மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது மேல் ஸாவுக்கு, ஏறி அங்கேயே நெடுநேரம் நிற்க வேண்டும். ஏறினாள், நின்றாள். நிற்க நிற்க, ஒரு நூல் அளவு கீழே சரிந்தாள். திரும்பப் போட்டேன். சரிவு இருந்தது. இதை இரைச்சலின் தலையில் கட்ட முடியாது. இது அவளேதான்.

மறுநாள் அம்பத்தூருக்கு ரயிலில் போகும்போது எனக்குள் ஒரே போராட்டம். அந்தப் பாட்டைப் போடாமல் விட்டுவிட்டால் என்ன? மற்ற பாட்டுகளே போதுமே. அவளாகக் கேட்கப் போகிறாளா? பிறகு எனக்கே என் மேல் கோபம் வந்தது. யாரோ ஊறுகாய் பாட்டிலுக்குப் போடுகிற மூடியில் குறையை மறைக்காதவன், அக்காவுக்கு மட்டும் மறைப்பதா? அதுவும், பாசம் காதை அடைத்துவிட்டது என்று ஏற்கனவே சொன்னவளிடம். முழுவதையும் போடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஸ்டேஷனில் இறங்கினேன்.

அக்கா ரப்பர் முனைகளைப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டாள். உள்ளே அமுக்கச் சொன்னேன். முதலில் மிக்ஸர் வழியாக வந்த பதிவின் கடைசிப் பகுதியைப் போட்டேன்.

"தம்பூராவ நிறுத்திட்ட, இல்ல?"

"நிறுத்திட்டேன். சத்தம் கேட்டுச்சே."

"இப்ப என்ன கேக்குது?"

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். நெற்றி சுருங்கியது. "இது யாருடா?" என்றாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "சமாதானம் சொல்றியா?" என்று மட்டும் கேட்டாள். நான் கூடத்துப் பதிவை முதல் பாட்டிலிருந்து போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. கல்யாணி வந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவள் உதடு அசைந்தது. விரல் நின்றது. கண்ணைத் திறந்தாள்.

"இந்த எடத்துல இரைச்சல் இல்ல," என்றாள்.

"இல்ல."

"இது நான்தான்."

"ஆமாக்கா."

என் வாயிலிருந்து அந்த 'ஆமா' வந்ததும் அவள் முகம் கறுத்தது. எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. மெதுவாக, "அப்ப மத்த எடமெல்லாம்?" என்று கேட்டாள்.

"மத்த எடமெல்லாம் சரியா நின்ன. அங்கயும் தப்பிருந்தா இதே மாதிரி சொல்லியிருப்பேன்."

அவள் என்னையே பார்த்தாள். சின்ன வயதில் நான் பொய் சொல்கிறேனா என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு இயர்போனை மறுபடியும் காதில் அமுக்கிக்கொண்டு, முதலிலிருந்து போடச் சொன்னாள். முழுக் கச்சேரியையும் கேட்டாள். சங்கத்துக்கு அவள் போன் செய்யவில்லை. நான் கிளம்பும்போது தம்பூராப் பெட்டி அலமாரியிலிருந்து கீழே இறங்கியிருந்தது.

எங்கள் குடியிருப்பின் நவராத்திரி மேடை கொலுவுக்குப் பக்கத்தில். மேடையைச் சுற்றிச் சீரியல் விளக்கு ஜொலித்தது. நான் வயர்களை மாட்டி, காதில் அமுக்கிக்கொண்டேன். தம்பூராவை இன்னும் போடவே இல்லை, அதற்குள் அது வந்து உட்கார்ந்திருந்தது. அதே இரைச்சல். முதலில் என் சார்ஜரைப் பிடுங்கினேன், போகவில்லை. வேறு வயர் மாற்றினேன், போகவில்லை. கடைசியில் மிக்ஸர் சொருகியிருந்த அதே பிளக் பலகையில் சீரியல் விளக்கின் பெட்டியும் சொருகியிருந்ததைப் பார்த்துப் பிடுங்கினேன். மேடை இருண்டது. காது சுத்தமானது.

அலங்காரம் செய்தவர் ஓடி வந்தார். "அண்ணாத்தே, இன்னா பண்ற? லைட்டு இல்லன்னா மேடை டல்லடிக்கும்."

"வேற எடத்துலேர்ந்து கரன்ட் எடுங்க. இதுல வேண்டாம்."

சங்கச் செயலாளரும் வந்துவிட்டார். "யாருக்கும் ஒண்ணும் கேக்கலயே சார். உங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்குது?"

"கேக்கறதுக்குன்னே வாங்கியிருக்கேன் சார். அத மாத்தற வரைக்கும் நான் இந்த பிளக்க விட மாட்டேன்."

நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முன் வரிசையில் என் மனைவி, என்னைத் தெரியாதவள் போலக் கொலுப் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிளக்கைக் கையில் பிடித்தபடி நின்றேன். கடைசியில் அலங்காரக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வாட்ச்மேன் அறையிலிருந்து நீளமாக ஒரு வயர் இழுத்து வந்தார். விளக்கு எரிந்தது. என் காதில் ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாததைக் கேட்பது அவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மேடையில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைப் பார்த்தாள். கையைத் தூக்கிக் காட்டினேன். தம்பூராப் பெட்டியின் குமிழைத் திருகினாள்.

கல்யாணியில் அந்த இடம் வந்தபோது நான் இயர்போனை இன்னும் உள்ளே அமுக்கிக்கொண்டேன். ஏறினாள். நின்றாள். ஆவடியில் நின்றதை விட நன்றாகவே நின்றாள். கூட்டம் கை தட்டியது. ஆனால் என் காதில் இருந்தது கை தட்டுகிற சாமான் இல்லை.

கச்சேரி முடிந்து, எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு பாராட்டித் தீர்த்தார்கள். குரல் முன்பை விட இனிமையாக இருக்கிறது என்றார்கள், தெய்வீகம் என்றார்கள். எல்லோருக்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டு, நான் வயர் சுருட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தாள். என் தொன்னையிலிருந்து சுண்டலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"அந்த எடம்?" என்றாள்.

"இன்னும் அர நூல் கீழதான்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுது." இன்னொரு வாய் சுண்டல் எடுத்தாள். "நாளைலேர்ந்து அந்த எடத்த மட்டும் பாடப் போறேன். சாயங்காலம் வேல விட்டு நேரா வந்துடு. அந்த இயர்போனையும் எடுத்துகிட்டு வா."